வேங்கையும் செம்மரமும்: ஒரே வம்சம், வேறு வேறு தலையெழுத்து

ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் நகரி, புத்தூர் பக்கம் செம்மரம் என்று பேச்சு எடுத்தால் டீக்கடையில்கூடக் குரல் ஒரு படி இறங்கிவிடும். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். வேங்கை மரத்துக்கு அந்தத் தயக்கமே கிடையாது. காரணம், வேங்கையைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

இரண்டும் ஒரே வம்சத்து மரங்கள். டெரோகார்பஸ் என்ற பேரினத்தில் செம்மரம் சாண்டாலினஸ், வேங்கை மார்சுபியம். அவரையும் துவரையும் இருக்கிற அதே பெரிய குடும்பம். அந்தமானில் படாக் என்று ஒரு மரம் உண்டு, அதுவும் இவர்களுக்குப் பங்காளி. ரத்த சந்தனம் என்று நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்கினாலும், சந்தன மரத்துக்கும் செம்மரத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. செம்மரக் கட்டையை எவ்வளவு நேரம் முகர்ந்து பார்த்தாலும் மணம் வராது.

வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, சண்டை என்று வந்தால் இரண்டும் கலந்து என்று வளர்ந்தவர்கள் நாங்கள். 1960 இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. நாங்கள் இந்தப் பக்கம் நின்றுவிட்டோம். அதனால் இந்த மரத்தின் கதையை இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்கிற வாய்ப்பு எங்களுக்கு உண்டு. தெலுங்குச் செய்தியில் செம்மரம் என்றால் களவுபோகும் அரசாங்கச் சொத்து. தமிழ்ச் செய்தியில் அதே மரம், வேலைக்குப் போய்த் திரும்பாத கூலிக்காரர்கள். பூக்கிற, காய்க்கிற ஒரு மரமாக அதைச் சொல்லி இரண்டிலும் கேட்டது குறைவு. அதனால் பூவிலிருந்தே தொடங்குகிறேன்.

செம்மரம் கோடை தொடங்கும் சமயத்தில் பூக்கும். இலையெல்லாம் உதிர்ந்து, மலை முழுக்கக் கல்லும் முள்ளுமாகத் தெரிகிற காலம் அது. மஞ்சள் பூ, சிறியது, அவரைப் பூவின் அமைப்புத்தான். இதழ் ஓரம் கசங்கினாற்போல் சுருங்கியிருக்கும். இரவில் விரியும், விடிந்ததும் மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் வந்து மொய்க்கும். ஒரு பூவின் ஆயுள் கிட்டத்தட்ட ஒரு நாள். மரமும் எல்லாப் பூவையும் ஒரே மூச்சில் பூத்துவிடாது. சில நாள் பூக்கும், நிறுத்தும், பிறகு ஒரு மழை பெய்தால் மறுபடி பூக்கும். இவ்வளவு பூத்தும் காயாக நிற்பது மிகக் கொஞ்சம். தன் மகரந்தத்திலேயே உண்டான பிஞ்சுகளில் பெரும்பகுதியை மரமே உதிர்த்துவிடும். பக்கத்தில் இன்னொரு செம்மரம் இருந்து, அதிலிருந்து தேனீ வந்தால்தான் நல்ல காய் பிடிக்கும். நிற்கும் காயும் முற்றி உலர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் பெரும்பாலும் ஒரே விதை, அபூர்வமாக இரண்டு.

வேங்கையின் பூவும் மஞ்சள்தான். ஆனால் வேங்கை பூத்தால் ஊருக்கே தெரியும். மழைக்குப் பிறகு, பெரிய மரம் உச்சி முதல் அடி வரை மஞ்சளாகி, கீழே பாறை தெரியாத அளவுக்குக் கொட்டி வைக்கும். பாறைமேல் கிடக்கும் வேங்கைப் பூவைப் புலி என்று மயங்குகிற காட்சி சங்கப் பாடல்களில் வருகிறது. பூப்பறிக்கப் போன பெண்கள் ‘புலி, புலி’ என்று கூச்சல் போடுவதும் வருகிறது. இவற்றைவிட எனக்குப் பிடித்த வேறொரு செய்தி உண்டு. தினை முற்றுகிற காலத்தில் பூப்பதால், தினைப்புனக் காவல் முடிந்தது என்று நாள் குறித்துச் சொல்லும் சோசியக்காரனாக வேங்கையைப் பார்த்திருக்கிறார்கள். காவல் முடிந்தால் தலைவி வீட்டுக்குப் போய்விடுவாள், தலைவன் அவளைப் பார்க்க முடியாது. அதனால் பூத்த பாவத்துக்கு வேங்கை திட்டு வாங்கும். கண்ணகி மலையேறி வந்து நின்றதும் ஒரு வேங்கை நிழலில்தான். இத்தனை புகழும் பழைய பாட்டோடு நின்றுபோய், இன்றைக்கு வேங்கை என்றால் பையன்களுக்குப் புலி மட்டும்தான் ஞாபகம் வருகிறது.

சரி, காட்டில் பார்த்தால் எப்படிப் பிரித்து அறிவது? பட்டையைப் பார்த்தாலே போதும். செம்மரத்தின் பட்டை கருத்து, நெடுக்கும் குறுக்கும் வெடித்து, முதலை முதுகைப் போல் கட்டம் கட்டமாக இருக்கும். வேங்கையின் பட்டை சாம்பல் கலந்த பழுப்பு, நெடுக்காக வெடித்துச் செதில் செதிலாக உரியும். இலையையும் பார்க்கலாம். செம்மரத்துக்கு ஒரு காம்பில் பெரும்பாலும் மூன்று சிற்றிலை, வேங்கைக்கு ஐந்து முதல் ஏழு. காய் இரண்டுக்கும் வட்டமாகத் தட்டையாக, நடுவில் விதை, சுற்றிலும் மெல்லிய சிறகு என்று ஒரே மாதிரி இருக்கும். இரண்டையும் கொத்தினால் ரத்தச் சிவப்பில் பிசின் வடியும். உயரத்தில் மட்டும் அண்ணன் தம்பி இல்லை: செம்மரம் 10 மீட்டர் வளர்ந்தாலே நல்ல வளர்த்தி, வேங்கை மண் வாய்த்த இடத்தில் 30 மீட்டர் வரை போகும்.

வெட்டிய கட்டையில் வித்தியாசம் இன்னும் வேடிக்கையானது. செம்மரத்தின் வைரம், அதாவது உள்கட்டை, தண்ணீரில் மூழ்கும், அவ்வளவு கனம். ஆனால் அதன் சிவப்பு தண்ணீரில் அவ்வளவாக இறங்காது. சாண்டாலின் என்ற அந்தச் சாயத்தைப் பிரிக்கச் சாராயம் வேண்டும். வேங்கை நேர் எதிர். வேங்கை மரத்தில் கடைந்த குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்தால், காலையில் தண்ணீர் தேன் நிறமாகியிருக்கும். வெயிலில் சாய்த்துப் பாருங்கள், விளிம்பில் ஒரு நீலம் மினுங்கும். சர்க்கரை வியாதிக்காரர்கள் வாங்கிப் போகும் குவளை இதுதான். நீலத்தைக் காட்டித்தான் கடைக்காரர் விற்பார். அதைக் குடித்துவிட்டு டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்துகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

குழந்தை பிறந்த வீட்டுக்கு இந்த இரண்டு மரமும் வந்துகொண்டிருந்தன. வேங்கை மரத்துப் பாலைக் கொட்டாங்குச்சியில் பிடித்து உறையவைத்து, குழந்தைக்குக் கரும்பொட்டாக வைப்பார்கள். குழைத்து வைத்தால் லேசில் அழியாது. செம்மரம் மரப்பாச்சியாக வரும். திருப்பதியில் வாங்கிய ராஜா ராணி ஜோடி. கொலுவில் முதல் படியில் நிற்கும், மற்ற நாட்களில் பிள்ளை வாயில் கிடக்கும். கடித்தாலும் கெடுதல் இல்லை என்பது பாட்டிகளின் கணக்கு. எங்கள் வீட்டு ராணிக்கு மூக்கு மழுங்கிவிட்டது. அக்காவுக்கு முகப்பரு வந்த வயதில் அம்மா ராணியைக் கல்லில் உரசி உரசிப் பூசியதால் பாதமும் தேய்ந்து, இப்போது சுவரில் சாய்த்து வைத்தால்தான் நிற்கிறாள். இன்று கொலுச் சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் வேறு மரத்தில் கடைந்து சாயம் ஏற்றியது. கையில் எடுத்தவுடனேயே எடையில் தெரிந்துவிடும்.

இந்தப் பொம்மை மரத்துக்குத்தான் கடல் கடந்து கிராக்கி. சீனாவில் அரண்மனைக் காலத்திலிருந்தே செம்மர நாற்காலி, அலமாரி என்றால் அந்தஸ்து. ஜப்பானில் இசைக்கருவிக்கு வேண்டும். அங்கும் நேர்க்கட்டையை விட, உள்ளே நார் அலை அலையாக ஓடும் கட்டைக்குத்தான் அதிக விலை. வெளியே நின்று பார்த்து எந்த மரத்தில் அலை இருக்கிறது என்று சொல்வது சுலபமில்லை. அலைக்கு ஆசைப்பட்டு, அலை இல்லாத மரமும் சேர்ந்தே விழுகிறது. அணு உலையில் கதிர்வீச்சைத் தடுக்க வாங்குகிறார்கள் என்று ஒரு கதை எங்கள் பக்கம் உலவுகிறது. நாற்காலிக்காகவா இத்தனை சாவு என்று மனசு ஒப்பாததால் பிறந்த கதை அது என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் சாவு நிஜம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் ஆந்திர அதிரடிப்படையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து மலைக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் அதில் அதிகம். கல்லாலும் கத்தியாலும் தாக்க வந்தார்கள் என்றது போலீஸ். பிடித்துக் கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். திருவண்ணாமலைப் பக்கத்து ஜவ்வாது மலை ஒரு காலத்தில் சந்தன மரத்துக்குப் பேர்போனது. அந்தச் சந்தனம் கண்ணெதிரே வெட்டுப்பட்டுத் தீர்ந்தது. மரம் போனது, வைரம் சேதமாகாமல் செதுக்கும் கை மட்டும் மிஞ்சியது. ஆள் பிடிக்கும் மேஸ்திரிகள் அந்தக் கையைத் தேடித்தான் மலையேறுகிறார்கள். கட்டை துறைமுகம் போய்ச் சேரும்போது அதன் விலை என்ன, வெட்டியவன் கூலி என்ன என்று யாராவது ஒரு முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். பிறகு சினிமாவில் கதாநாயகனே செம்மரக் கட்டையோடு வந்துவிட்டான். இந்தியா முழுக்க மரம் பிரபலம். பாட்டுக்கு ஆடிய எத்தனை பேருக்கு அதன் பூ மஞ்சள் என்று தெரியும்?

இப்போது எந்த இனம் எவ்வளவு அழிவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் பட்டியலுக்கு வருவோம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், அதாவது ஐயூசிஎன், வெளியிடும் சிவப்புப் பட்டியலில் செம்மரம் 1998 இல் ‘அருகிவரும் இனம்’. 2018 இல் ஆபத்து குறைவு என்று அதை இரண்டு படி இறக்கி ‘அச்சுறு நிலையை அண்மித்த இனம்’ என்றார்கள். அதிக நாள் தாங்கவில்லை. மறுபடி அருகிவரும் இனமாக ஏற்றிவிட்டார்கள் என்று 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது. வேங்கை 1998 இல் ‘அழிவாய்ப்புள்ள இனம்’. இப்போது ஒரு படி இறங்கி, அச்சுறு நிலையை அண்மித்தது. பட்டியலை மட்டும் படிக்கிறவர்கள், வேங்கை தேறிவிட்டது, செம்மரம் மோசமாகிவிட்டது என்றுதான் புரிந்துகொள்வார்கள்.

அப்படிப் படிப்பது தப்பு. இந்தப் படிகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று தலைமுறைக் காலத்தில் ஒரு இனம் 30 சதவீதம் குறைந்திருந்தால் அழிவாய்ப்பு, 50 சதவீதம் என்றால் அருகிவருவது, 80 என்றால் மிக மோசம். வேறு அளவுகோல்களும் உண்டு: எவ்வளவு பரப்பில் வாழ்கிறது, எத்தனை மரம் மிச்சம் என்பவை. தலைமுறை என்பது மரத்தின் தலைமுறை. மெல்ல வளரும் செம்மரத்துக்கு மூன்று தலைமுறை என்றால் நம் தாத்தா காலத்தையும் தாண்டிப் பின்னால் போகும். அன்று இந்த மலைகளில் மரத்தை எண்ணி வைத்தவர் யார்? அதனால் காடு சுருங்கியது, பிடிபட்ட கட்டை, வணிகம் என்று கையில் கிடைப்பதை வைத்து மதிப்பிடுகிறார்கள். குறை சொல்லவில்லை, வேறு வழி கிடையாது. ஆனால் படி ஏறுவதும் இறங்குவதும் சில சமயம் மரத்தின் நிலை மாறியதால் இல்லை. நமக்குக் கிடைத்த தகவல் மாறியதால்.

செம்மரத்தின் விஷயத்தில் பரப்பே ஒரு ஆபத்து. உலகத்தில் அது இயற்கையாக இருப்பது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான். சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா, லங்கமலா, நல்லமலையின் ஒரு பகுதி. சித்தூர், கடப்பா, நெல்லூர் என்று ஆந்திர மாவட்டங்கள், அவற்றை ஒட்டித் தமிழ்நாட்டில் ஒரு விளிம்பு. அவ்வளவுதான். அதிலும் வறண்ட, சரளையும் பாறையுமான சரிவாகப் பார்த்துத்தான் நிற்கும். காட்டுக்காவல் வேலை பார்க்கும் ஒருவர் தலக்கோனா பக்கம் நடந்தபோது சொன்னார்: “செம்மரம் கல்லுல பொறந்தது சார். வேங்கைக்குக் கொஞ்சம் மண்ணு வேணும், அது பள்ளத்துக்கு எறங்கிடும்.” பாறைச் சரிவில் செம்மரம், ஈரம் தங்கும் பள்ளத்தாக்கில் வேங்கை. நாலு எட்டு நடந்தால் ஒன்று மாறி மற்றது வருகிறது. ஆனால் அந்த வேங்கை கேரளத்திலும் இருக்கிறது, மத்திய இந்தியாவிலும் இருக்கிறது, நேபாளம், இலங்கையிலும் இருக்கிறது. பரப்பைப் போட்டுப் பார்த்தால் வேங்கைக்குப் பயமில்லை என்றுதான் தோன்றும்.

இங்கேதான் எனக்குப் பட்டியலோடு மனத்தாங்கல். செம்மரத்துக்கு எதிரி யார் என்று தெரியும். ரம்பம் வைத்திருப்பவன், அவனை அனுப்பியவன், அதை வாங்குகிறவன். அதனால் காவல் போட முடிகிறது: அதிரடிப்படை, செக்போஸ்ட், 1995 முதல் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இடம். வேங்கைக்கு அப்படி ஒரு எதிரியைக் கைகாட்ட முடியாது. ஒருவர் பிசினுக்காகப் பட்டையைக் கீறுகிறார். ஒருவர் குவளைக்கு, ஒருவர் கதவு நிலைக்கு, ஒருவர் மாட்டு வண்டிக்கு வெட்டுகிறார். ஆடு மாட்டுக்குத் தழை ஒடிப்பவர்கள் எல்லாரையும்விட அதிகம். வேங்கைத் தழை கால்நடைக்குப் பிடித்த தீவனம். கிளையை வருஷா வருஷம் ஒடித்தால் பூ எங்கே வரும், காய் எங்கே வரும்? மரம் உயிரோடு நிற்கும், எண்ணிக்கையில் சேரும், ஆனால் பிள்ளை பெறாது. 2022 இல் பனாமா மாநாட்டில் ஆப்பிரிக்காவின் டெரோகார்பஸ் மரங்கள் அனைத்தையும் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். நம் வேங்கை அதில் இல்லை. உள்ளூரிலேயே தேய்கிற மரத்துக்குப் பன்னாட்டு வணிக உடன்படிக்கை எதுவும் செய்துவிடாது என்பதும் உண்மைதான்.

செம்மரக் காவலிலும் எனக்கு ஒரு குறை உண்டு. காவல் முழுக்கக் கட்டைக்கு. எத்தனை டன் பிடிபட்டது, ஏலத்தில் எவ்வளவு போனது என்பது செய்தியாகிறது. ஒரு சரிவில் எத்தனை இளங்கன்று இந்தக் கோடையைத் தாண்டியது என்று யாரும் கேட்பதில்லை. பருத்த மரமாகப் பார்த்து வெட்டிவிட்டால் மிஞ்சுவது ஒல்லி மரங்கள், பூக்கும் மரங்களுக்கு நடுவே இடைவெளி கூடும், தேனீ ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது குறையும், காய் குறையும். இருக்கிற காயும் தரையில் விழுந்து காட்டுத் தீயில் கருகும். அடிக்கட்டை மட்டும் மறுபடி துளிர்க்கும். அதனால் தூரத்திலிருந்து பார்க்கப் பச்சையாகத்தான் இருக்கும்.

நட்டு வளர்ப்பதில் மட்டும் செம்மரம் வேங்கையை எங்கேயோ விட்டுவிட்டுப் போய்விட்டது. எங்கள் சித்தூர் மாவட்டத்தில் கூழ் ஃபேக்டரிக்குப் போகும் மாங்காயின் விலை ஏறியிறங்குவதைப் பார்த்து நொந்தவர்கள், தோப்பு வரப்பில் செம்மரம் வைத்திருக்கிறார்கள். வைரம் பிடிக்க 25, 30 வருஷம் காத்திருக்க வேண்டும். வெட்டவும் ஏற்றவும் வனத்துறை அனுமதி வேண்டும். செம்மர வணிகத்தில் 2004 முதல் இந்தியாவைச் சிறப்புக் கண்காணிப்பில் வைத்திருந்த சைட்டிஸ், 2023 நவம்பரில் அதை விலக்கிக்கொண்டது. பட்டா நிலத்தில் வளர்த்த மரத்தை முறையாக விற்க வழி லேசாகும் என்று விவசாயிகள் நம்புகிறார்கள். நல்லதுதான். நட்ட மரம் நாற்காலிக்குப் போனால் காட்டு மரம் மிஞ்சும் என்பது கணக்கு. நட்ட கட்டை எது, காட்டுக் கட்டை எது என்று செக்போஸ்டில் பிரிக்க முடிகிற வரைக்கும் அந்தக் கணக்கு பலிக்கும்.

நர்சரிக்குப் போய் வேங்கைக் கன்று கேட்டால், “செம்மரம் எடுத்துக்கிட்டுப் போங்க சார், அதான் மூவிங்” என்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார், தோப்பு ஓரம் வரிசையாகச் செம்மரம் வைத்தவர். ஓடைக்கரையில் வேங்கையும் வையுங்கள் என்றேன்.

“அதை எவன்டா காசு குடுத்து வாங்குவான்?”

“செம்மரத்தை வெட்டும்போது நீங்க இருப்பீங்களா மாமா?”

“அது பேரனுக்குடா.”

“இதுவும் அவனுக்குத்தான்.”

ஒருவழியாகச் சம்மதித்தார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். காய் நன்றாக உலர்ந்த பிறகு, தீ வருவதற்கு முன்னால் பொறுக்க வேண்டும். சிறகை நறுக்கிவிட்டு, சாணிக் கரைசலில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டால் முளைப்புக் கூடும். செம்மரத்துக்கும் இதே வைத்தியம்தான். ஒரே மரத்துக் காயாகப் பொறுக்காமல், தள்ளித் தள்ளி நிற்கும் சில மரங்களிலிருந்து எடுப்பது நல்லது. கன்றையும் ஒற்றையாக வைக்காமல் நாலைந்தாக வைக்க வேண்டும். முதல் சில கோடைகளில் வேங்கைக் கன்று மேலே முழுக்கக் காய்ந்துபோகலாம். செத்துவிட்டது என்று பிடுங்கி எறியக் கூடாது. வேர் உயிரோடு இருக்கும், மழைக்குத் துளிர்க்கும். அதுவரைக்கும் சுற்றி முள் போட்டு ஆடு மேயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “முள்ளு போடறதெல்லாம் சரி, ஓடை ஓரம் மேயறது உங்க சித்தப்பா ஆடுதான். அவர்கிட்ட நீ பேசிட்டு வா, அப்புறம் குழி தோண்டலாம்” என்றார்.